சதுர அலையின் விளிம்பில் தெரிவது

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆம்ப்ளிஃபையரை நானே கெடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 8 ஓம் சுமையில் 100 வாட் தரும்படி, முன்னால் ஒரு இணை டிரான்சிஸ்டர், நடுவில் மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஒரு கட்டம், கடைசியில் மின்னோட்டத்தைத் தரும் ஒரு கட்டம் என்ற பழகிய அமைப்பில் நான் கட்டிய கருவி அது. ஒலிபெருக்கி என்ற சொல் தமிழில் ஸ்பீக்கரையும் குறித்துக் குழப்பத்தை உண்டாக்குவதால், இந்தப் பதிவில் ஆம்ப்ளிஃபையரைப் பெருக்கி என்றும், ஸ்பீக்கரை ஸ்பீக்கர் என்றுமே எழுதுகிறேன்.

திரிபு அளவு குறைவாக இருந்தது, இரைச்சல் இல்லை, சூடும் அளவாகவே இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெருக்கியின் நிலைத்தன்மையைச் சோதிக்க 8 ஓம் சுமைக்கு இணையாக 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் போட்டு, இரண்டு மின்னழுத்தங்களுக்கு இடையே சட்டென்று தாவும் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைச் செலுத்திப் பார்ப்பது நெடுங்கால வழக்கம் என்பதால், அதையும் செய்தேன். மின்னழுத்தம் மாறுவதைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையில் வந்ததைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. ஒவ்வொரு விளிம்புக்குப் பின்னும் அலை எல்லையைத் தாண்டிப் போய், கீழே இறங்கி, மீண்டும் ஏறி, ஐந்தாறு முறை ஆடிய பிறகே அடங்கியது. பின்னூட்டம், அதாவது வெளியீட்டின் ஒரு பங்கை ஒப்பிட்டுத் திருத்துவதற்காக முன்கட்டத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு, தறிகெட்டு அலையும் நிலைக்குப் பெருக்கி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த நிலைக்கு எல்லாரும் சொல்லும் மருந்து, நடுக்கட்டத்தில் இருக்கும் ஈடுசெய் மின்தேக்கியைப் பெரிதாக்குவது. 100 பிக்கோஃபாரடை எடுத்துவிட்டு 220 பிக்கோஃபாரடைப் பற்றவைத்தேன். ஆட்டம் குறையவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை அப்போது நான் கவனிக்கவே இல்லை: ஆட்டத்தின் அதிர்வெண் இம்மியும் மாறவில்லை. மாற்றத்துக்கு முன்பும் ஏறக்குறைய 80 கிலோஹெர்ட்ஸ். பின்பும் அதே 80 கிலோஹெர்ட்ஸ்.

பின்னூட்டச் சுற்றுதான் ஆடுகிறது என்றால், அந்தச் சுற்றின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்த பிறகு ஆட்டத்தின் அதிர்வெண்ணும் நகர்ந்திருக்க வேண்டும். நகராததற்குக் காரணம், ஆடியது பெருக்கியே அல்ல என்பதுதான். பெருக்கியின் கடைசியில், வெளியீட்டு முனைக்குச் சற்று முன்னால், தடித்த கம்பியில் சுற்றிய ஒரு சிறிய சுருள் உண்டு. நீண்ட கம்பிகளும் மின்தேக்கித் தன்மையுள்ள ஸ்பீக்கர்களும் பெருக்கியை நேரடியாகத் தொட்டுவிடாமல் காக்கும் வேலி அது. என்னுடைய சுருள் 2 மைக்ரோஹென்றி. 2 மைக்ரோஹென்றியும் 2 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் அவற்றின் இயல்பான அதிர்வெண் 79.6 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. ஆசிலாஸ்கோப்பின் முனையைச் சுருளுக்கு வெளியே வைக்காமல் உள்ளே, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சேரும் புள்ளியில் வைத்துப் பார்த்தபோது விளிம்பு கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. ஊஞ்சல் ஆடியது வேலிக்கு வெளியில்தான்.

இதில் இழப்பு ஒன்றும் இல்லை என்றால் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து, பெருக்கியை நிஜமாகவே நோயாளியாக்கியிருந்தது. சில வாரங்கள் கழித்து முழுத் திறனில் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தியபோது, அலையின் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் வளைவை இழந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகிவிட்டன. நான் மாற்றிய அந்த ஒரு மின்தேக்கியால் பெருக்கியின் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது. அதன் பிறகுதான், திடீரென்று மாறும் சைகையைப் பெருக்கி எப்படிக் கையாள்கிறது என்பதை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

சதுர அலைச் சோதனையில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை இதுதான்: ஒரு சதுர அலைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த ஒரு விளிம்பில் பெருக்கியின் அலைவரிசை அகலம், அதன் உச்ச வேகம், பின்னூட்டத்தின் நிலைத்தன்மை, வெளியீட்டுச் சுருள், சுமை, சைகை உருவாக்கி, ஆசிலாஸ்கோப்பின் முனை ஆகிய எல்லாமே கையெழுத்துப் போட்டிருக்கும். எது யாருடைய கையெழுத்து என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு மிக எளிதானது சைகையின் அளவு. விளம்பரத் தாள்களிலும் மதிப்புரைகளிலும் வரும் அழகான சதுர அலைப் படங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு மின்னழுத்த அளவுதான் இருக்கும். அது எவ்வளவு என்றுகூட எழுதாத படங்களை நான் பார்த்த கணமே கடந்துவிடுகிறேன்.

100 பிக்கோஃபாரடைத் திரும்பப் போட்டு, மிக வேகமான மாற்றங்களை வாசலிலேயே தடுக்கும் உள்ளீட்டு வடிகட்டியைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் எடுத்த மூன்று அளவுகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். வெளியீடு உச்சியிலிருந்து அடிவரை 2 வோல்ட் இருக்கும்போது, விளிம்பு 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுத்துக்கொண்ட நேரம் 0.7 மைக்ரோ நொடி. அளவை 20 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது அது 1.6 மைக்ரோ நொடி ஆனது. 60 வோல்ட்டில் 4.8 மைக்ரோ நொடி. பெருக்கி ஒன்றுதான், சோதனை ஒன்றுதான். நேரம் மட்டும் ஏழு மடங்கு நீண்டுவிட்டது. விளிம்பின் வடிவமும் மாறியிருந்தது. 2 வோல்ட்டில் அது வேகமாகக் கிளம்பி, உச்சியை நெருங்க நெருங்கத் தயங்கி, வளைந்து சேர்ந்தது. 60 வோல்ட்டிலோ அடியிலிருந்து கிட்டத்தட்ட உச்சிவரை சாய்வாக நிறுத்திய ஏணிபோல் நேராகவே போனது.

இவை இரண்டும் இருவேறு குணங்கள். சிறிய அளவில் தெரியும் வளைவு, பெருக்கியின் அலைவரிசை அகலத்தைச் சொல்கிறது. எளிமையாக நடந்துகொள்ளும் எந்தப் பெருக்கியிலும் 0.35 என்ற எண்ணை அந்த எழுச்சி நேரத்தால் வகுத்தால், பதில் 3 டெசிபல் குறையும் அதிர்வெண்ணாக இருக்கும். 0.7 மைக்ரோ நொடி என்றால் 500 கிலோஹெர்ட்ஸ். அளவை இரட்டிப்பாக்கினால் சரிவும் இரட்டிப்பாகும், நேரம் மாறாது; அதுவரை பெருக்கி நேர்மையாக நடக்கிறது என்று பொருள். பெரிய அளவில் தெரியும் நேர்கோடு வேறு சங்கதி. அங்கே சரிவு ஒரு எல்லையைத் தொட்டு நின்றுவிடுகிறது. அளவைக் கூட்டினால் நேரம்தான் கூடும். 60 வோல்ட்டின் நடு 80 சதவீதம் 48 வோல்ட். அதை 4.8 மைக்ரோ நொடியால் வகுத்தால், மைக்ரோ நொடிக்கு 10 வோல்ட். இதைத்தான் ஸ்லூ ரேட் என்கிறார்கள். உச்ச வேகம் என்று தமிழில் சொன்னாலும் பொருள் கெடாது.

இந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பது சுற்றைப் பார்த்தாலே தெரியும். முன்னால் இருக்கும் இணை டிரான்சிஸ்டர்கள், உள்ளே வரும் சைகையையும் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் பின்னூட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ற மின்னோட்டத்தை நடுக்கட்டத்துக்கு அனுப்புகின்றன. அந்த மின்னோட்டம் ஈடுசெய் மின்தேக்கியை நிரப்புகிறது. வெளியீடு அதற்கேற்ப ஏறுகிறது. ஆனால் அந்த இணைக்கு மொத்தமாகக் கொடுத்திருக்கும் மின்னோட்டம் என்னுடைய சுற்றில் 1 மில்லி ஆம்பியர்தான். வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும் அதற்குமேல் ஒரு துளிகூட வராது. குழாயை முழுதாகத் திறந்த பிறகு, குடம் சீக்கிரம் நிறைய வேண்டும் என்று நாம் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் வேகத்தில்தான் நிறையும். 1 மில்லி ஆம்பியரை 100 பிக்கோஃபாரடால் வகுத்தால் மைக்ரோ நொடிக்கு 10 வோல்ட். அளந்ததும் கணக்கும் ஒன்றாகப் பொருந்துவது இந்தத் தொழிலில் அபூர்வமாகக் கிடைக்கும் மகிழ்ச்சி. நான் போட்ட 220 பிக்கோஃபாரடில் அதுவே மைக்ரோ நொடிக்கு 4.5 வோல்ட்டாகச் சுருங்கியிருந்தது.

அது ஏன் போதவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. 8 ஓமில் 100 வாட் என்றால் சைன் அலையின் உச்சம் 40 வோல்ட். சைன் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில்தான் மிக வேகமாக ஏறும். அந்த வேகம் அதிர்வெண்ணையும் உச்ச மின்னழுத்தத்தையும் பெருக்கி, 6.28 ஆல் மீண்டும் பெருக்கினால் கிடைக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் 40 வோல்ட்டுக்கு அது மைக்ரோ நொடிக்கு 5 வோல்ட். 4.5 வோல்ட் வேகம் மட்டுமே உள்ள பெருக்கி அந்த அலையின் நடுப்பகுதியைத் தொடர முடியாமல் பின்தங்கும். உச்சிகளில் வேகம் தானாகக் குறைவதால் அங்கே வந்து சேர்ந்துகொள்ளும். நான் பார்த்த படத்தில் பக்கங்கள் மட்டும் நேராகவும் உச்சிகள் உருண்டையாகவும் இருந்ததன் காரணம் அதுவே. 1968-இல் வந்த 741 என்ற புகழ்பெற்ற ஐ.சி.யின் வேகம் மைக்ரோ நொடிக்கு 0.5 வோல்ட், அதே கணக்கில் 20 கிலோஹெர்ட்ஸில் அதனால் திரிபில்லாமல் தர முடிந்த உச்சம் 4 வோல்ட். பின்னாளில் ஒலிக்கருவிகளில் பரவலாக இடம்பிடித்த 5534 என்ற ஐ.சி., மைக்ரோ நொடிக்கு 13 வோல்ட் வேகம் கொண்டது. அந்தத் தலைமுறை மாற்றத்தில் இரைச்சல் குறைந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். வேகம் கூடியது அதற்குக் குறைந்த செய்தி அல்ல.

வேகம் எல்லையைத் தொடும் அந்தச் சில மைக்ரோ நொடிகளில் நடப்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். நேர்கோட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது முன்கட்டத்தின் ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தும் மற்றது முழுதாக மூடியும் கிடக்கின்றன. அந்த நேரத்தில் உள்ளீட்டில் வேறு என்ன மெல்லிய சைகை வந்தாலும் பெருக்கிக்கு அது கேட்காது, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டம் ஏற்கெனவே ஒரு பக்கமாக இறுகிப் போயிருக்கிறது. பின்னூட்டமும் அந்நேரத்தில் பெயரளவில்தான் இருக்கிறது. அதாவது திடீர் மாற்றத்தின் மேல் பயணம் செய்யும் சிறிய ஒலி, அந்த இடைவெளியில் அப்படியே விடுபட்டுப் போகிறது.

பின்லாந்துப் பொறியாளர் மாட்டி ஓட்டாலா 1970-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பேசியது. டிரான்சிஸ்டர் பெருக்கிகள் நிலையான சைன் அலையில் மிகக் குறைந்த திரிபைக் காட்டியும் கேட்பதற்குக் கடுமையாக இருக்கின்றன என்ற புகார் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. பின்னூட்டம் தாமதமாக வந்து சேர்வதால் முன்கட்டம் கணநேரம் திக்குமுக்காடுகிறது என்பது ஓட்டாலாவின் விளக்கம். பின்னூட்டத்தைக் குறைத்து, பின்னூட்டம் இல்லாத நிலையிலேயே பெருக்கியை அகலமான அலைவரிசைக்குக் கட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன மருந்து. அது அடுத்த பத்தாண்டு விளம்பரங்களின் தாரக மந்திரமாகவே ஆனது. நோயை அவர் சரியாகவே கண்டார். மருந்துதான் தேவைக்கு மிஞ்சியது. பின்னூட்டம் நிறைய இருந்தாலும், பின்னூட்டமற்ற அலைவரிசை குறுகலாக இருந்தாலும், உச்ச வேகம் போதுமானதாக இருந்துவிட்டால் இந்தத் திரிபு தலைகாட்டுவதில்லை என்பதை பாப் கார்டெல் 1980-இல் அளந்து காட்டினார். என் மேசையில் நான் பார்த்ததும் அதையே உறுதிப்படுத்துகிறது. முன்கட்டத்தின் மின்னோட்டம்தான் விஷயம், பின்னூட்டத்தின் அளவு அல்ல.

இந்தத் திரிபை எண்ணாகப் பிடிக்க ஈரோ லெய்னோனன், ஓட்டாலா, ஜான் கர்ல் ஆகிய மூவரும் 1977-இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். திரிபின் ஆங்கிலச் சுருக்கத்தையும் (TIM) சோதனையின் ஆங்கிலச் சுருக்கத்தையும் (DIM) தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே டிஐஎம் என்றுதான் வரும் என்பது ஒரு வேடிக்கை. ஆகவே சோதனைக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறேன். 3.18 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையோடு 15 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து பெருக்கிக்குக் கொடுக்க வேண்டும். சதுர அலையின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கலாம் என்பதை ஒரு எளிய வடிகட்டி தீர்மானிக்கிறது. அது 30 கிலோஹெர்ட்ஸ் என்றால் டிஐஎம் 30, 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் டிஐஎம் 100. விளிம்பின் மேல் ஏறிவரும் அந்தச் சைன் அலைதான் நான் முன்பு சொன்ன சிறிய பயணி. விளிம்பில் பெருக்கி செவிடானால் பயணி ஒவ்வொரு முறையும் சற்றே வெட்டுப்படுகிறான். அந்த வெட்டு, இரண்டு அலைகளிலும் இல்லாத புதிய அதிர்வெண்களாக வெளியே வருகிறது.

இந்த எண்களைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 3.18-இன் ஐந்து மடங்கு 15.9, அதிலிருந்து 15-ஐக் கழித்தால் 0.9 கிலோஹெர்ட்ஸ். நான்கு மடங்கு 12.72; 15-இலிருந்து அதைக் கழித்தால் 2.28 கிலோஹெர்ட்ஸ். சதுர அலையின் ஒற்றைப்படை மடங்குகளோ அதன் அடிப்படை அதிர்வெண்ணோ விழாத இடங்களில் இந்தக் கள்ளப் பிள்ளைகள் வந்து நிற்பதால், அலைமாலையைப் பிரித்துக் காட்டும் எந்த மென்பொருளிலும் இவற்றைத் தனியாக எண்ணிவிடலாம். என் பெருக்கியில் 220 பிக்கோஃபாரட் இருந்தபோது முழு அளவில் 900 ஹெர்ட்ஸிலும் 2.28 கிலோஹெர்ட்ஸிலும் கோடுகள் தெளிவாக எழுந்து நின்றன. அளவைக் கால்வாசியாக்கியதும் அவை இரைச்சலுக்குள் மறைந்தன. அளவோடு சேர்ந்து படிப்படியாக வளராமல், ஒரு எல்லைக்குப் பிறகு சட்டென்று முளைப்பதே வேக எல்லையின் அடையாளம்.

பரிகாரம் எளிதுதான், ஆனால் ஒன்றை மட்டும் தனியாகச் செய்தால் பயன் இல்லை. மைக்ரோ நொடிக்கு 10 வோல்ட் வேகமுள்ள பெருக்கி, 60 வோல்ட் தாவலில் ஒருபோதும் திணறக் கூடாது என்று உள்ளீட்டு வடிகட்டியை மட்டும் வைத்துச் சாதிக்கப் பார்த்தால், அந்த வடிகட்டியை 26 கிலோஹெர்ட்ஸுக்கே இறக்க வேண்டிவரும். கேட்கும் எல்லையிலேயே ஒலி மங்கிவிடும். ஆகவே முன்கட்டத்தின் மின்னோட்டத்தை 3 மில்லி ஆம்பியராக உயர்த்தினேன். மின்னோட்டம் கூடினால் அந்தக் கட்டத்தின் பெருக்கமும் கூடி நிலைத்தன்மை ஆட்டம் காணும் என்பதால், இரு டிரான்சிஸ்டர்களின் எமிட்டரிலும் இருந்த 100 ஓம் மின்தடைகளை 130 ஓமாக மாற்றிச் சமன் செய்தேன். வேகம் மைக்ரோ நொடிக்கு 30 வோல்ட் ஆனது. இப்போது 64 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி போதும். அதன் வழியாக வரும் 60 வோல்ட் தாவலின் மிகச் செங்குத்தான இடமே மைக்ரோ நொடிக்கு 24 வோல்ட்தான். 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.4 டெசிபல். வெளியிலிருந்து எப்படிப்பட்ட சைகை வந்தாலும் முன்கட்டம் இறுகிப் போக வழியில்லை என்ற நிலை வந்த பிறகு, அதற்குமேல் வேகத்தைத் துரத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மைக்ரோ நொடிக்கு 200 வோல்ட் என்று பெருமையாக அச்சிடும் கருவிகள் இருக்கின்றன, சி.டி.யில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையுமே பதிவு செய்ய முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண் வாங்குபவரின் காதைவிடக் கண்ணுக்காகவே எழுதப்பட்டது என்று தோன்றும்.

அளக்கும்போது ஏமாறும் வழிகள் பல. சைகை உருவாக்கிக்குப் பதிலாகக் கணினியின் சவுண்ட் கார்டிலிருந்து சதுர அலையை எடுப்பவர்கள், விளிம்புக்கு முன்னும் பின்னும் சிற்றலைகளைப் பார்த்துப் பெருக்கியைச் சந்தேகிப்பது அடிக்கடி நடக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வெட்டப்பட்ட எந்தச் சதுர அலையும் அப்படித்தான் இருக்கும். தாவலின் உயரத்தில் சுமார் 9 சதவீதம் தாண்டிப் போவது கணிதத்தின் விதி. அடி விழுவதற்கு முன்பே அழும் பெருக்கி உலகத்தில் கிடையாது. ஆகவே விளிம்புக்கு முன்பாகவே சிற்றலை தெரிந்தால் குற்றவாளி பெருக்கி அல்ல. ஆசிலாஸ்கோப்பின் பத்துக்கு ஒன்று முனையை, திரையின் ஓரத்தில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சரிபார்ப்பு அலையில் தட்டையாகத் திருகி வைக்காமல் அளந்தால், இல்லாத தாவலும் இல்லாத மந்தமும் தாராளமாகத் தெரியும். உருவாக்கியின் சொந்த எழுச்சி நேரம் 0.05 மைக்ரோ நொடி என்றால் கவலை வேண்டாம். 0.5 என்றால், என் பெருக்கியின் 0.7 திரையில் 0.86 ஆகத் தெரியும், ஏனென்றால் இரண்டின் வர்க்கங்களும் கூடி, அதன் வர்க்கமூலமே படத்தில் வருகிறது. பாலம் போட்ட வெளியீடு கொண்ட, அதாவது ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஓட்டும் பெருக்கியில் இரண்டு முனையும் உயிருள்ளவை. ஆசிலாஸ்கோப்பின் தரைக் கவ்வியை அவற்றில் ஒன்றில் மாட்டினால் அளவீடு அங்கேயே முடிந்துவிடும், சில சமயம் பெருக்கியும்.

எனக்கு நேர்ந்த இன்னொரு விபத்து மூக்கில் தொடங்கியது. முழு அளவில், அதாவது உச்சியிலிருந்து அடிவரை 80 வோல்ட்டில், 20 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை ஓடவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது கருகிய வார்னிஷ் வாடை வந்தது. வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையில் 10 ஓம் மின்தடையும் 100 நானோஃபாரட் மின்தேக்கியும் தொடராக நிற்கும். அந்த 1 வாட் மின்தடையின் நடுப்பகுதி பழுப்பாகிக்கொண்டிருந்தது. மைக்ரோ நொடிக்கு 10 வோல்ட் வேகத்தில் மாறும் மின்னழுத்தம் 100 நானோஃபாரட் வழியாக 1 ஆம்பியரைச் செலுத்தும். அது 10 ஓமில் 10 வாட். ஒவ்வொரு 25 மைக்ரோ நொடியிலும் 8 மைக்ரோ நொடி இது நடப்பதால் சராசரி 3.2 வாட். இசையில் ஒருபோதும் வராத சுமையை நான்தான் அதன் தலையில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பெரிய அளவுச் சோதனைகளைச் சில நொடிகளுக்கு மேல் ஓட்டுவதில்லை. சதுர அலையின் அதிர்வெண்ணையும் 1 அல்லது 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறேன், விளிம்பின் வடிவத்துக்கு அதிர்வெண் முக்கியம் இல்லை என்பதால்.

ஏறும் விளிம்பையும் இறங்கும் விளிம்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நடுக்கட்டத்துக்கு ஒரு பக்கம் டிரான்சிஸ்டரும் மறுபக்கம் நிலையான மின்னோட்ட மூலமும் இருப்பதால் இரண்டு திசையிலும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டில் குறைந்ததுதான் பெருக்கியின் வேகம். சதுர அலையின் தட்டையான மேல்பகுதி சாய்ந்திருந்தால் அது தாழ்ந்த அதிர்வெண் சங்கதி. உள்ளீட்டு மின்தேக்கி 1.6 ஹெர்ட்ஸில் வெட்டினால், 50 ஹெர்ட்ஸ் சதுர அலையில் 10 சதவீதச் சாய்வு வரும், அதில் குறை ஒன்றும் இல்லை.

காதுக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது என்று நான் நினைக்கும் சோதனையை மிகச் சிலரே செய்கிறார்கள். பெருக்கியின் எல்லையை மீறிச் சைகை வந்து, வெளியீடு மின்வழங்கியின் மின்னழுத்தத்தில் முட்டி நின்ற பிறகு, அது எவ்வளவு சீக்கிரம் விடுபடுகிறது என்பதே அது. வேக எல்லையை இசை தொடுவது அரிது. உச்ச மின்னழுத்தத்தை இசை தொடுவதோ, திறன் குறைந்த பெருக்கியிலும் உற்சாகமான கையிலும் தினமும் நடப்பது. 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை எல்லைக்குச் சற்று மேலே கொண்டுபோய், உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் அலையின் தலை சீராக வெட்டுப்பட்டு, உள்ளீடு இறங்கத் தொடங்கியதும் வெளியீடும் கூடவே இறங்கியது. கீழ்ப்பக்கம் அப்படி இல்லை. உள்ளீடு திரும்பிய பிறகும் வெளியீடு ஏறக்குறைய 4 மைக்ரோ நொடி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு திடுக்கிட்டதுபோல் விடுபட்டு, ஒரு முறை தாண்டிக் குதித்துவிட்டுத்தான் அலையோடு சேர்ந்தது. முட்டி நின்ற நேரத்தில் பின்னூட்டம் அறுந்துவிடுவதால் நடுக்கட்டத்து டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறி முடுக்கப்பட்டு, உள்ளே சேர்ந்த மின்னூட்டம் வடிந்த பிறகே விடுபடுகிறது.

இதன் மூத்த உறவினர் வால்வுப் பெருக்கிகளில் உண்டு. அங்கே மிகை சைகையால் வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டில் பாயும் மின்னோட்டம் இணைப்பு மின்தேக்கியை நிரப்பிவிடும். 0.1 மைக்ரோஃபாரடும் 470 கிலோ ஓமும் என்றால் அது வடிய 47 மில்லி நொடி என்ற கணக்கு. அதுவரை ஒலி நெரிந்தே கிடக்கும். மைக்ரோ நொடிகளை விட்டு மில்லி நொடிகளுக்கு வந்துவிட்டால், காதுக்குத் தெரியுமா என்று வாதிட வேண்டிய தேவையே இல்லை.

என் பெருக்கியில், நடுக்கட்டத்து டிரான்சிஸ்டர் முழுதாக நிறைந்துபோகுமுன் முடுக்கத்தைத் திருப்பிவிடும்படி ஒரு டயோடு கவ்வியைச் சேர்த்தேன். ஒட்டிக்கொள்ளும் நேரம் 1 மைக்ரோ நொடிக்கும் கீழே வந்தது, குதிப்பும் நின்றது. ஆனால் அந்த டயோடின் மின்தேக்குத்திறனும் ஈடுசெய் மின்தேக்கியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது என்பதால், மறுபடியும் 2 வோல்ட், 20 வோல்ட், 60 வோல்ட் என்று முதலிலிருந்து மூன்று விளிம்புகளையும் அளந்தேன். 60 வோல்ட்டில் எழுச்சி நேரம் 1.6 மைக்ரோ நொடியிலிருந்து 1.7 ஆகியிருந்தது. அந்தச் சிறு இழப்பை ஒப்புக்கொண்டு, 64 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியைத் திரும்பப் பற்றவைத்து, மூடியைத் திருகினேன். 220 பிக்கோஃபாரட் மின்தேக்கி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.